ஜப்பான் கார் வாங்குமுன் கணினியைத் திறவுங்கள்

சென்ற 2025 ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சித்தப்பா கைத்தொலைபேசியை நீட்டியபடி வந்தார். "தம்பி, நான் ஒரு வேகன் ஆருக்கு முற்பணம் கட்டிப்போட்டன். உதைக் கம்ப்யூட்டரிலை போட்டு ஒருக்கால் பார்க்கேலுமோ?" என்றார். கார் அப்போது ஜப்பானில் ஒரு துறைமுகக் களஞ்சியத்தில் நின்றது. அவர் கட்டியது பத்து இலட்சம் ரூபா. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையில் பெரும்பகுதி அது. கையிலிருந்தது வட்ஸ்அப்பில் வந்த சில படங்களும், "வாகன முற்பணம்" என்று மட்டும் எழுதிய ஒரு பற்றுச்சீட்டும்தான்.

நான் மென்பொருள் பொறியியலாளன். கார்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் அன்று தேவைப்பட்டது கார் அறிவு அல்ல. ஒரே விடயத்தைச் சொல்லும் நான்கு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பொறுமைதான் தேவைப்பட்டது. அதைக் கணினி வாங்கி ஒரு மாதமே ஆனவரும் செய்யலாம். வெளிநாட்டிலிருந்து பாவித்த கார் வாங்கும்போது தகராறுகள் எங்கே முளைக்கின்றன, அவற்றை வீட்டுக் கணினியின் உதவியோடு எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது, மீறித் தகராறு வந்தால் என்ன செய்வது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

தகராறு எங்கே பிறக்கிறது?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதல் மீண்டும் திறக்கப்பட்டது. வரும் பாவித்த கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வருபவை. அங்கே பாவித்த கார்கள் பெரும்பாலும் ஏல நிலையங்களில் கைமாறுகின்றன. அவற்றில் மிகப் பெரிய நிறுவனமான யு.எஸ்.எஸ். 1980இல் தொடங்கப்பட்டது. இந்த ஏலங்களில் பதிவு பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே விலை கேட்கலாம்; நீங்களோ நானோ நேரடியாகக் கேட்க முடியாது.

ஆகவே கார் உங்கள் வீட்டுக்கு வருமுன் ஏல நிலையம், ஏற்றுமதியாளர், கப்பல், இறக்குமதியாளர் எனக் குறைந்தது நான்கு இடங்களைத் தாண்டுகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு தாள் பிறக்கிறது. முன்னைய தாளில் இருந்த தகவல் அடுத்த தாளில் மாறினால் அங்கேதான் தகராறு. வழக்கமாக வருபவை ஐந்து:

1. ஓடிய கிலோமீற்றர் குறைத்துக் காட்டப்பட்டிருக்கும்.
2. விபத்தில் சிக்கித் திருத்திய கார், சுத்தமான கார் என்று விற்கப்பட்டிருக்கும்.
3. ஆண்டு அல்லது மாதம் தவறாக இருக்கும். வயதெல்லையைத் தாண்டிய கார் என்றால் சுங்கத்தில் சிக்கல்.
4. பணம் வேறொருவரின் கணக்குக்குப் போயிருக்கும்.
5. கார் வழியில் சேதப்பட்டிருக்கும். பொறுப்பு யாருடையது என்று எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

முதல் வேலை: ஒரு கோப்புறை

கணினியில் "டொகியுமென்ட்ஸ்" பகுதியைத் திறந்து, வெற்றிடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, "நியூ", பின்னர் "ஃபோல்டர்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். பெயராகக் காரின் சேசி இலக்கத்தையே கொடுங்கள். உள்ளே "விளம்பரம்", "ஏலத்தாள்", "படங்கள்", "பணம்", "கடிதங்கள்" என ஐந்து கோப்புறைகளை உருவாக்குங்கள்.

விற்பவரின் இணையத்தளத்தில் காரைப் பார்த்த அன்றே அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள். கார் விற்றதும் பக்கம் மறைந்துவிடும். ப்ரவுசரில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பி விசையைத் தட்டுங்கள். பிரின்டர் பட்டியலில் "மைக்ரோசொஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்." அல்லது "சேவ் ஆஸ் பி.டி.எஃப்." என்பதைத் தெரிவு செய்தால், பக்கம் முழுவதும் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். அச்சில் திகதியும் தள முகவரியும் விழுவதற்கு "ஹெடர்ஸ் அண்ட் ஃபூட்டர்ஸ்" என்ற பெட்டியில் சரி அடையாளம் இடுங்கள். பின்னாளில் "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை" என்ற பேச்சு வரும்போது இந்தக் கோப்புத்தான் பேசும்.

ஏலத்தாளைப் படிப்பது எப்படி?

"ஒக்ஷன் ஷீட்" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஏலத்துக்கு முன் ஏல நிலையத்தின் பரிசோதகர் காரைப் பார்த்து எழுதும் ஒரு பக்கத் தாள் இது. ஜப்பானிய மொழியில் இருந்தாலும் முக்கியமானவை எண்களும் எழுத்துகளுமே.

மேல்மூலையில் பெரிதாக இருப்பது மொத்தத் தரம். 5, 4.5 என்பவை மிக நல்ல நிலை. 4 நல்ல நிலை. 3.5, 3 எனக் குறையக் குறையக் கீறல்களும் திருத்தங்களும் அதிகம். ஆர் அல்லது ஆர்.ஏ. என்று இருந்தால் காரின் சட்டகத்தில் திருத்தம் நடந்தது, அதாவது விபத்து வரலாறு உண்டு என்று பொருள். இதற்குப் பக்கத்தில் ஏ, பி, சி, டி என உள்பகுதியின் தரம் தனியாக இருக்கும்.

கீழே காரின் வரைபடம் ஒன்று இருக்கும். அதில் ஏ என்றால் கீறல், யு என்றால் நசிவு, டபிள்யு என்றால் திருத்திப் பூசிய அடையாளம், எஸ் என்றால் துரு, எக்ஸ்.எக்ஸ். என்றால் மாற்றப்பட்ட பாகம். பக்கத்திலுள்ள எண் பெருக்கப் பெருக்கக் குறை பெரிது. கதவு ஒன்றில் யு1 என்றால் சிறு நசிவு. யு3 என்றால் பெரிய நசிவு. ஏல நிலையத்துக்கு நிலையம் சிறு வேறுபாடுகள் உண்டு. ஓடிய கிலோமீற்றருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போன்ற தனிக்குறி தெரிந்தால் அதன் பொருளைக் கட்டாயம் கேளுங்கள். மீற்றரில் சந்தேகம் உள்ளதைக் காட்டவும் இத்தகைய குறிகள் இடப்படுவதுண்டு.

பரிசோதகர் கையால் எழுதிய குறிப்புகளைப் படிக்க, கைத்தொலைபேசியில் கூகுள் லென்ஸைத் திறந்து திரையில் உள்ள தாளின் மேல் காட்டுங்கள். கையெழுத்தை அது எப்போதும் சரியாகப் படிக்காது. ஆனால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

ஆண்டு என்னும் பொறி

ஏலத்தாளில் ஆண்டு பெரும்பாலும் ஜப்பானிய முறையில் இருக்கும். இப்போதைய ரெய்வா காலம் 2019 மே 1இல் தொடங்கியது. ரெய்வா ஆண்டோடு 2018ஐக் கூட்டினால் நமது ஆண்டு வரும். ரெய்வா 5 என்றால் 2023. அதற்கு முந்திய ஹெய்செய் காலத்துக்கு 1988ஐக் கூட்ட வேண்டும். ஹெய்செய் 30 என்றால் 2018.

இன்னொன்று. தாளில் உள்ளது கார் தயாரிக்கப்பட்ட மாதமல்ல, ஜப்பானில் முதன்முதலில் பதிவான மாதம். தயாரித்துச் சில மாதங்கள் காட்சியறையில் நின்ற கார்களும் உண்டு. 2025இல் இறக்குமதி திறக்கப்பட்டபோது கார்களுக்கு மூன்று ஆண்டு வயதெல்லை விதிக்கப்பட்டது. அந்த எல்லைக்கு ஓரிரு மாதம் மட்டுமே குறைவான காரை வாங்குபவர், வயது எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை எண்ணப்படுகிறது என்பதை நடைமுறையில் உள்ள வர்த்தமானியில் படித்த பின்பே கையொப்பமிட வேண்டும்.

சேசி இலக்கம்

இணையத்தில் "சேசி இலக்கத்தைத் தட்டுங்கள், காரின் வரலாற்றைச் சொல்கிறோம்" என்னும் தளங்கள் பல உண்டு. அவற்றில் பல, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயன்படும் 17 எழுத்து இலக்கத்தையே கேட்கின்றன. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்ட காரில் அந்த இலக்கம் பொதுவாக இருக்காது. மாதிரிக் குறியீடு, ஒரு சிறுகோடு, பிறகு தொடர் எண் என்பதே அதன் அமைப்பு. சித்தப்பாவின் காரில் எம்.எச்.95.எஸ். என்று தொடங்கி, சிறுகோட்டுக்குப் பின் ஆறு இலக்கங்கள் இருந்தன. ஆகவே 17 எழுத்துத் தளத்தில் "தகவல் இல்லை" என்று வந்தால் பயப்படவும் வேண்டாம். "குற்றம் எதுவும் இல்லை" என்று வந்தால் மகிழவும் வேண்டாம்.

ஜப்பானிய சேசி இலக்கத்தைப் பெற்று, ஏலத்தாளின் பிரதியைக் கட்டணத்துக்குத் தரும் சேவைகளும் இருக்கின்றன. எல்லா ஏல நிலையங்களின் தாள்களும் அவற்றில் கிடைப்பதில்லை. எனவே விற்பவரிடம் ஏல நிலையத்தின் பெயர், ஏலத் திகதி, ஏல எண் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இந்த மூன்றையும் தர மறுப்பவரிடம் முற்பணம் கட்டாதீர்கள்.

ஏற்றுமதிச் சான்றிதழ்

கார் ஜப்பானை விட்டுப் புறப்படுமுன் அங்குள்ள பதிவு தற்காலிகமாக நீக்கப்பட்டு ஏற்றுமதிச் சான்றிதழ் வழங்கப்படும். சேசி இலக்கம், முதற்பதிவு மாதம், என்ஜின் கொள்ளளவு ஆகியவை அதில் இருக்கும். வேகன் ஆர், ஆல்ட்டோ போன்ற 660 சி.சி. சிறுகார்களைத் தனியான வேறொரு அமைப்பு கவனிப்பதால் அவற்றின் சான்றிதழ் தோற்றத்தில் சற்று வேறுபடும். அதைப் பார்த்துப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஜப்பானில் கட்டாயப் பரிசோதனையின்போது ஓடிய கிலோமீற்றர் பதிவு செய்யப்படுகிறது. "அப்படியென்றால் அதைப் பார்த்தாலே போதுமே" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதிய தனியார் காருக்கு முதல் பரிசோதனை மூன்றாம் ஆண்டில்தான் வரும். அதன் பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. நாமோ மூன்று ஆண்டுக்கு உட்பட்ட கார்களை வாங்குகிறோம். அந்தக் கார்களில் பல ஒரு பரிசோதனையைக்கூடச் சந்தித்திருக்காது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மீற்றர் எண் இல்லாமலே போகலாம். இதனால்தான் நமக்கு ஏலத்தாள் இரட்டிப்பு முக்கியம் பெறுகிறது.

எக்செல்லில் ஒப்பீட்டுத் தாள்

இனி உண்மையான பாடத்துக்கு வருவோம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஒஃபிஸ் கல்க்கில் இதைச் செய்யலாம்.

1. புதிய தாளைத் திறந்து, முதல் வரிசையில் விபரம், விளம்பரம், ஏலத்தாள், ஏற்றுமதிச் சான்றிதழ், இன்வொய்ஸ், முடிவு என ஆறு தலைப்புகளை ஏ முதல் எஃப் வரையான நிரல்களில் எழுதுங்கள்.

2. ஏ நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேசி இலக்கம், முதற்பதிவு ஆண்டு, முதற்பதிவு மாதம், என்ஜின் கொள்ளளவு, நிறம், கிலோமீற்றர், தரம் என்று எழுதுங்கள்.

3. பி முதல் ஈ வரையான நான்கு நிரல்களையும் தெரிவு செய்து, வலது பொத்தானை அழுத்தி, "ஃபோர்மட் செல்ஸ்" சென்று "டெக்ஸ்ட்" என மாற்றுங்கள். இதைச் செய்யாமல் 5/4 என்று தட்டினால் எக்செல் அதை நடப்பு ஆண்டின் ஒரு திகதியாக மாற்றிவிடும். ஜப்பானியத் தாளில் அது ரெய்வா 5, ஏப்ரல் மாதம். ஆகவே ஆண்டையும் மாதத்தையும் தனித்தனி வரிசைகளில், நமது ஆண்டுக்கு மாற்றியே எழுதுங்கள்.

4. எஃப் நிரலை மட்டும் மாற்றாமல் "ஜெனரல்" ஆகவே விடுங்கள். அதையும் டெக்ஸ்ட் ஆக்கினால் நாம் எழுதும் சூத்திரம் கணக்கிடப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும்.

5. எஃப்2 கட்டத்தில் இந்தச் சூத்திரத்தை எழுதுங்கள். பெயர்களையும் கட்ட எண்களையும் ஆங்கில விசைகளால் தட்ட வேண்டும்:

=இஃப்(ஆண்ட்(பி2=சி2,சி2=டி2,டி2=ஈ2),"சரி","பார்க்க")

நான்கு கட்டங்களிலும் ஒரே தகவல் இருந்தால் "சரி" என்றும், ஒன்று மாறினாலும் "பார்க்க" என்றும் வரும். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் "பார்க்க" என்றே காட்டும். அது நல்லதே, கிடைக்காத தகவலும் கேள்விக்குரியதுதான். கட்டத்தின் வலது கீழ்மூலையிலுள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் சூத்திரம் சென்றுவிடும்.

6. சேசி இலக்கத்தைத் தட்டும்போது முடிவில் இடைவெளி விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியும் எக்செல்லுக்கு வித்தியாசம்தான். ஓ என்ற ஆங்கில எழுத்தையும் பூச்சியத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கிலோமீற்றர் வரிசையில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். ஏல நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு ஓட்டிச் சென்றால் எண் சிறிது கூடலாம். ஒருபோதும் குறையக் கூடாது. தரம் ஏலத்தாளில் மட்டுமே முறையாக இருக்கும் என்பதால் அந்த வரிசையில் விளம்பரத்தையும் ஏலத்தாளையும் கண்ணால் ஒப்பிட்டாலே போதும்.

படங்கள் சொல்லும் கதை

விற்பவர் அனுப்பும் படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அல்லாமல் "டொகியுமென்ட்" ஆக, அல்லது மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த திகதி போன்ற தகவல்களையும் நீக்கிவிடும். கணினிக்கு வந்த படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி "ப்ரொப்பர்டீஸ்", பின் "டீடெய்ல்ஸ்" சென்றால் படம் எடுத்த திகதியும் கமராவின் பெயரும் தெரியக்கூடும். ஆனால் இந்தத் திகதியை மாற்றவும் முடியும் என்பதால் இதை ஒரு தடயமாக மட்டும் கொள்ளுங்கள்.

பின்பு ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். கன்ட்ரோல் விசையோடு மவுஸின் சக்கரத்தைச் சுழற்றினால் போதும். சித்தப்பாவின் காரில் எங்களுக்கு விடை கிடைத்தது இப்படித்தான்.

அவருக்கு வந்த ஏலத்தாளில் தரம் 4.5, ஓடியது 21,000 கிலோமீற்றர் சொச்சம். மீற்றர் படத்திலும் அதே 21,000. எல்லாம் பொருந்தின. சாரதிக் கதவு திறந்திருந்த ஒரு படத்தைப் பெரிதாக்கியபோது, கதவுத் தூணில் சிறிய வெள்ளை ஒட்டுத்தாள் தெரிந்தது. ஜப்பானில் ஒயில் மாற்றும் இடங்களில் அடுத்த தடவை எப்போது மாற்ற வேண்டும் என்று இப்படி எழுதி ஒட்டுவது வழக்கம். கூகுள் லென்ஸ் அதை மொழிபெயர்த்துக் காட்டியது. அடுத்த ஒயில் மாற்றம் ரெய்வா 7, ஆகஸ்ட், 45,000 கிலோமீற்றர்.

"21,000 ஓடின காருக்கு ஏன் தம்பி 45,000இல ஒயில் மாத்தச் சொல்லி இருக்கு?" என்று சித்தப்பாவே கேட்டார். அதன்பின் ஏலத்தாளையும் பெரிதாக்கினோம். மற்ற எழுத்துகளெல்லாம் ஸ்கேன் செய்ததால் மங்கியிருக்க, கிலோமீற்றர் எண்ணும் தரமும் மட்டும் கூர்மையாக நின்றன. கட்டணம் செலுத்தி வேறோர் இடத்தில் பெற்ற பிரதியில் தரம் 4. ஓடியது 41,000 சொச்சம். பின்கதவு ஒன்றில் எக்ஸ்.எக்ஸ். குறி. யார் மாற்றினார்கள் என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. மாற்றப்பட்டது என்பதற்கு மட்டுமே இருந்தது. புகார் எழுதும்போது இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது. நிரூபிக்க முடிந்ததை மட்டும் எழுத வேண்டும்.

விற்பவர் யார்?

ஜப்பானிய நிறுவனத்தோடு நேரடியாகப் பேசுபவர்கள் இரண்டு இலக்கங்களைக் கேட்கலாம். முதலாவது, ஜப்பானின் தேசிய வரி முகவரகம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வழங்கும் 13 இலக்க நிறுவன எண். இதை அந்த முகவரகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடிப் பெயரையும் முகவரியையும் பார்க்கலாம். இரண்டாவது, பாவித்த பொருட்களை வியாபாரம் செய்வதற்கான உரிம எண். இது இல்லாமல் அங்கே பாவித்த கார் வியாபாரம் செய்ய முடியாது. அழகான இணையத்தளம் ஒன்றை எவரும் ஒரே நாளில் உருவாக்கலாம். அதைப் பார்த்து நம்பக்கூடாது.

மின்னஞ்சலில் வரும் ஆபத்து இன்னும் பெரிது. பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து பணம் அனுப்பும் நாளில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். முகவரி பழையதைப் போலவே தோன்றும். ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். சில வேளைகளில் விற்பவரின் உண்மையான மின்னஞ்சலையே திருடர்கள் கைப்பற்றியிருப்பார்கள். கணக்கு மாற்றம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அல்லாமல் உங்களிடம் முன்பே இருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்து உறுதி செய்யுங்கள். நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் தனிநபரின் பெயரில் கணக்கு இருந்தால் அனுப்ப வேண்டாம். தவறி அனுப்பிவிட்டால் அதே மணித்தியாலத்தில் உங்கள் வங்கியை அழைத்துப் பணத்தை மீட்கக் கோருங்கள். ஒரு நாள் கடந்தாலும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

நாணயக் கடிதம் காப்பாற்றுமா?

"வங்கியில் எல்.சி. திறந்தால் பயமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. நாணயக் கடிதங்களுக்கு உலக வங்கிகள் பின்பற்றும் யு.சி.பி. 600 என்ற விதிகள் 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. அதன் ஐந்தாம் விதிப்படி வங்கிகள் ஆவணங்களோடு மட்டுமே தொடர்புடையவை, பொருட்களோடு அல்ல. ஆவணங்கள் சரியாக இருந்தால் கார் நசிந்திருந்தாலும் வங்கி பணம் கொடுத்துவிடும்.

ஆகவே பாதுகாப்பு நீங்கள் கேட்கும் ஆவணப் பட்டியலில்தான் இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பும்போதே சேசி இலக்கம், முதற்பதிவு மாதம், கிலோமீற்றர் ஆகியவை எழுதப்பட்ட சுயாதீனமான பரிசோதனைச் சான்றிதழையும் பட்டியலில் சேருங்கள். அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் ஆவணம் முழுமையில்லை. வங்கி பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கப்பல் கட்டணத்தில் இன்னொரு பொறி. சி.ஐ.எஃப். விலையில் காப்புறுதியும் அடங்கும். ஆனால் ஜப்பானியத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றியதுமே சேதத்தின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடும். இன்கோடெர்ம்ஸ் 2020 விதிப்படி விற்பவர் எடுக்க வேண்டியது மிகக் குறைந்த காப்புறுதி மட்டுமே. கப்பல் மூழ்குதல், தீப்பிடித்தல் போன்ற பெரும் விபத்துகளுக்கு அது உதவும். களவுக்கும் கீறலுக்கும் உதவாது. முழுமையான காப்புறுதி வேண்டுமென்றால் வாங்கும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.

தகராறு வந்துவிட்டால்

முதலாவது, நேரம். ஏலத்தில் வாங்கிய ஏற்றுமதியாளர் ஏல நிலையத்திடம் புகார் செய்வதற்கு நாட்கணக்கில்தான் அவகாசம் உண்டு. கார் கப்பலேறி அம்பாந்தோட்டைக்கு வருவதற்குள் அது முடிந்துவிடும். எனவே களஞ்சியப் படங்கள் வந்த அன்றே சோதியுங்கள்.

இரண்டாவது, தொலைபேசியில் சண்டை பிடிக்காதீர்கள். பேச்சுக்குச் சாட்சி இல்லை. ஒரே மின்னஞ்சலில் நான்கு பந்திகள் எழுதுங்கள்: எந்தத் திகதியில் என்ன வாக்குறுதி தரப்பட்டது, எந்த ஆவணம் வேறு என்ன சொல்கிறது, நீங்கள் கேட்பது பணத்தையா, விலைக் குறைப்பையா, வேறு காரையா, எந்தத் திகதிக்குள் பதில் வேண்டும். ஒப்பீட்டுத் தாளைப் பி.டி.எஃப். ஆக்கி இணையுங்கள். கோபத்தை இணைக்க வேண்டாம்.

மூன்றாவது, மூலத்தைக் காப்பாற்றுங்கள். வட்ஸ்அப்பில் அந்த உரையாடலைத் திறந்து, மேலேயுள்ள மூன்று புள்ளி மெனுவில் "எக்ஸ்போர்ட் சாட்" மூலம் முழுவதையும் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக் கணினியில் சேமியுங்கள். படங்களில் வட்டம் போட்டுக் காட்ட விரும்பினால் பிரதி எடுத்துப் பிரதியில் மட்டும் போடுங்கள். கோப்புறை முழுவதையும் ஒரு பென் ட்ரைவில் பிரதி செய்து வேறிடத்தில் வையுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. ஆகவே ஒரு வட்ஸ்அப் செய்தியும் வெறும் பேச்சல்ல.

நான்காவது, யாரிடம் போவது? உள்ளூர் இறக்குமதியாளரிடம் வாங்கியிருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி எண் 1977. தாமதிக்க வேண்டாம். பணம் மின்னஞ்சல் மோசடியில் போயிருந்தால் வங்கிக்கு அடுத்தபடியாகப் பொலிஸில் முறையிடுங்கள். ஜப்பானிய ஏற்றுமதியாளரோடு நேரடியாக வாங்கியவருக்கு வழி நீளமானது. அங்கே வழக்குப் போடும் செலவு பல வேளைகளில் காரின் நட்டத்தையே தாண்டிவிடும். அதனால்தான் முன்கூட்டிய சோதனையை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சித்தப்பாவின் கதை

நாங்கள் இறக்குமதியாளருக்கு மேலே சொன்ன முறையில் ஒரு கடிதம் அனுப்பினோம். "எங்கள் ஏஜென்ட் அனுப்பியதைத்தான் உங்களுக்கு அனுப்பினோம்" என்பது முதல் பதில். "பற்றுச்சீட்டில் கிலோமீற்றர் பற்றி எதுவும் எழுதவில்லையே" என்பது இரண்டாவது. இரண்டாவது பதிலில் உண்மை இருந்தது. எங்களைக் காப்பாற்றியது, "21 ஆயிரம்தான் ஓடியது, கியாரண்டி" என்று அவர்களின் எண்ணிலிருந்து வந்த ஒரு வரி வட்ஸ்அப் செய்தி. அதன் பி.டி.எஃப். பிரதியை அனுப்பிய பிறகுதான் பேச்சின் தொனி மாறியது.

மூன்று வாரங்களுக்குப் பின் முற்பணம் திரும்பியது. "வங்கிச் செலவு" என்று எழுபத்தையாயிரம் ரூபாவைக் கழித்துக்கொண்டே தந்தார்கள். போராடலாம் என்றேன். "விடு தம்பி. ஒன்பது இலட்சத்து இருபத்தையாயிரம் வந்ததே பெரிசு" என்றார் சித்தப்பா. அந்த எழுபத்தையாயிரம், பற்றுச்சீட்டில் எழுதாமல் விட்ட ஒரு வரியின் விலை.

ஆகவே முற்பணம் கட்டும் மேசையிலேயே இந்த வரியைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: "சேசி இலக்கம் இன்னது, முதற்பதிவு இன்ன மாதம், ஏலத்தாளின்படி தரம் இன்னது, ஓடியது இத்தனை கிலோமீற்றர், இவற்றில் ஒன்று தவறானாலும் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." எழுத மறுக்கிறார்களா? பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். கணினியில் இன்னொரு காரைத் தேடலாம்.